லண்டனுக்கு இறக்கம், போடிக்கு ஏத்தம்

1.

இந்தக் கதை என் சரக்கில்லை. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், ஓட்டிக்கொண்டு வந்த விஜயபாண்டியின் வாயிலிருந்து களவாடியது. எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி:

முகில்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்...

(அடச்சே! விஜயபாண்டி விமானத்தைப் பார்த்ததெல்லாம் அண்ணாந்துதான். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2.

அவர் மகள் முத்துப்பிரியா நர்சு. லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பா சரியென்றால்தான் போவாள். மலைமேல் போடிமெட்டில் இருக்கும் அத்தையிடம் சிபாரிசு தேடி, அன்று அதே ஜீப்பில் பின்சீட்டில் வந்துகொண்டிருந்தாள்.

மனிதர் முறுக்கிக்கொண்டதற்குக் காரணம், அவள் செல்போனில் காட்டிய விமான நேரம். சென்னையில் விடியற்காலை கிளம்பினால் மத்தியானத்துக்குள் லண்டன். திரும்பும்போதோ, மத்தியானம் கிளம்பினால் மறுநாள் விடியும்போதுதான் சென்னை.

"பாத்தீங்களாண்ணே? போறது வெரசா போயிருது, வர்றதுக்கு ரெண்டு மடங்கு. லண்டன் பள்ளத்துல கெடக்கு. போறது இறக்கம், வர்றது ஏத்தம். வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாதா? இறங்குனவுங்க எல்லாம் ஏறி வர்றதில்லண்ணே."

[சிரிக்காதீர்கள். போடிமெட்டு எவ்வளவு தூரம் என்று எங்கள் ஊரில் கேட்டுப்பாருங்கள். "லோடோடயா, வெறும் வண்டியா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.]

3.

இந்த இடத்தில் ஒரு பூகோள வாத்தியாரை ஏற்றிவிடலாமா என்று யோசித்தேன். ஜீப்பில் இடமில்லை. முத்துப்பிரியாவே பேசினாள்.

"அப்பா, அங்க மணி நமக்குப் பின்னாடி. அதான் அப்படித் தெரியுது. தூரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரு. நம்ம வாச்சுல பாத்தா, போறதுக்குத்தான் நேரம் கூட. எதுத்தாப்புல காத்து. வர்றப்ப அதே காத்து முதுகைப் பிடிச்சுத் தள்ளும்."

விஜயபாண்டி கொண்டை ஊசி வளைவென்றும் பாராமல் வண்டியை நிறுத்தினார்.

"அப்ப போறதுதான் ஏத்தமா?"

"ஆமாப்பா."

"வர்றது இறக்கம்?"

"ஆமாங்கிறேன்ல."

"அட கிறுக்குப்புள்ள, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னா? போயிட்டு வா ஆத்தா!"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுபம் என்று எழுதி...

4.

எழுதவிடவில்லை மனிதர். பின்பக்கம் திரும்பி, "வர்ற டிக்கெட்டும் சேத்துத்தானே ஆத்தா போடுற?" என்று கேட்டுவிட்டார்.

முத்துப்பிரியா என்னைப் பார்த்தாள். லண்டன் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுக்கும் டிக்கெட் போவதற்கு மட்டும்தான். திரும்புவதைப் பற்றி அவளே இன்னும் யோசிக்கவில்லை.

"ஆமாப்பா" என்று சொல்லவைத்தேன். அவள் முகத்துக்கு அது ஒட்டவில்லை, அடித்தேன். "இல்லப்பா" என்று எழுதினேன். அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அதையும் அடித்தேன்.

பின்னால் பஸ்சுக்காரன் ஹாரனை அழுத்திப்பிடித்து எங்கள் பரம்பரையையே திட்டுகிறான். விஜயபாண்டி வண்டியைக் கிளப்பாமல் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னால் ஆகாது சாமி. நீங்களே அவளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுங்கள். எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார், அதனால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.