ஹம் இல்லாத ஆம்ப்ளிஃபையர்

பல்செட் செய்பவளுக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டிலிருந்த வால்வுகள் எல்லாம் எரியும். பிளக் சொருகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை முதலில் கண்டுபிடித்தவர் அவள் கணவர்தான், அதுவும் அடி வாங்கித்தான். வீட்டிலேயே வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்து விற்பவர் அவர். பழைய ரேடியோக்களில் பல்பு மாதிரி எரியும் கண்ணாடி வால்வுகளின் வழியாகப் பாட்டுக் கேட்டால்தான் காது குளிரும் என்று நம்புகிறவர்கள் எந்த ஊரிலும் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அவர்கள் அவரை ஆம்ப்காரர் என்று அழைத்தார்கள். ஒரு மதியம், பிரித்துப் போட்ட ப்ரீஆம்புக்குள் வலது கையை விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். பிளக் அவருடைய இடது கையில் இருந்தது. சமையலறையிலிருந்து வந்த மனைவி, பல் டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்ட ஒரு பல்செட்டை அவர் முன் வைத்தாள். நிறம் தப்பிவிட்டது என்றாள். சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு நீலச் சுவர், அந்த வெளிச்சத்தில் பல்லின் நிறம் பிடிபடுவதில்லை, அடுப்புச் சூட்டில் மெழுகு வேறு இளகிப் பல் வரிசை சரிந்துவிடுகிறது, வால்வுப் பெட்டிகள் அடைந்து கிடக்கிற பின்னறையை ஒழித்துக் கொடுத்தால் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒழுங்காக வேலை பார்ப்பேன் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"பல்லுதானே. கடிச்சா போதாதா?"

ஒரே எண் போட்ட இரண்டு வால்வுகளைக் கண்ணை மூடிக் கேட்டே, இது முந்தின வருஷத்துச் சரக்கு, இது பிந்தினது என்று பிரித்துச் சொல்லக்கூடிய மனிதர் அப்படிச் சொன்னார். மறு நொடி விழுந்த ஷாக்கில் திருப்புளி எதிர்ச்சுவரில் போய் மோதியது. ப்ரீஆம்பின் வால்வுகள் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. அவர் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார், வால்வுகளைப் பார்த்தார், சமையலறையில் பாத்திரங்கள் விழுகிற சத்தத்தைக் கேட்டார். சாயங்காலம் அவள் முகம் கழுவிவிட்டு வந்த பிறகுதான் அவை அணைந்தன.

வேறு யாராக இருந்தாலும் பயந்து, வீட்டு வயரிங்கைப் பார்க்க ஆள் கூப்பிட்டிருப்பார்கள். அவரோ வால்வுகள் அணைவதற்கு முன்பே ஸ்பீக்கரை இணைத்து ஒரு இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டார். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களின் ஜென்ம விரோதி ஹம். மின்சாரத்தோடு கூடவே வந்து பாட்டுக்கு அடியில் வண்டு மாதிரி முனகிக்கொண்டே இருக்கும். ஒயரை மாற்றினாலும், எர்த்தை மாற்றினாலும், தகரத்தால் மூடினாலும் எங்கேயோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மனைவியின் கோபத்தில் எரிந்த ஆம்பில் மின்சாரமே இல்லாததால் ஹம்மும் இல்லை. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில், பாடுகிறவர் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வது கேட்டது. ஆம்ப்காரர் அழுதுவிட்டார். அழுத கண்ணோடு சமையலறை வாசலில் வந்து நின்று, கோபம் இன்னும் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று அவள் மனம் இளகி, அதெல்லாம் போய்விட்டது என்றாள். அவர் முகம் ஏன் அப்படித் தொங்கிப்போனது என்று அவளுக்குப் புரியவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் வருஷங்கள் சீராக ஓடின. பால் விலை ஏறியது, வாடகை ஏறியது, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாட்டுக் கேட்க வரும் கூட்டமும் ஏறியது. கூட்டத்தில் தலையானவர்கள் இரண்டு பேர்: கண் டாக்டரும் சிமெண்ட் கடைக்காரரும். சனிக்கிழமை பின்னறையைத் தருவதாகச் சொல்லும் கணவர், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் செருப்பைக் கழற்றும் நேரத்தில் முடியாது என்பார். அறையைப் பற்றிப் பேச்சு இல்லாத வாரங்களில் ஈரத் துண்டு மெத்தைமேல் கிடக்கும். அவள் அம்மாவின் வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரும். ராத்திரி கண் விழித்து மெழுகில் பதித்த பற்களின்மேல் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், வால்வுகள் எரியும். தன் கோபம் இப்படி ஊரார் பார்க்கும்படி வெளியே தெரிகிறதே என்று அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. வைத்தியம் பார்க்கப் போனதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அக்காவிடம் போனில் பேசும்போது, அவருக்கு மறதிதான் அதிகம், மற்றபடி நல்ல மனுஷன் என்றே சொல்லிவந்தாள்.

இப்படியிருக்கும்போது பல் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, தன்னிடம் வருகிற பல்செட் வேலை முழுவதையும் அவளுக்கே தருவதாகச் சொன்னார். அவள் செதுக்குகிற பற்களில் சிரிப்பு இயல்பாக வருகிறதாம். ஆனால் வடக்கு வெளிச்சமுள்ள தனி அறை வேண்டும், சமையலறை ஆகாது, ஞாயிறோடு வாரம் முடிவதற்குள் அறை இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். பத்து வருஷம் வேலை கற்றுக்கொண்டது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் இந்த முறை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், ஞாயிறு மதியம் அறை உன்னுடையது என்றார். அவள் நம்பினாள். மேசைக்குச் சொல்லிவைத்தாள், அது சனிக்கிழமையே வந்து நடைவழியில் நின்றது. பல் நிறங்களின் அட்டையைத் துடைத்துப் பையில் வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாரம்தான் அவள் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை டீத் தட்டோடு கூடத்துத் திரைக்குப் பின்னால் வந்தவள், தன்னைப் பற்றிப் பேச்சு நடப்பதைக் கேட்டு நின்றாள்.

"என்ன சார், இன்னிக்கு வால்வு ஒண்ணுமே எரியல?" என்றது கண் டாக்டரின் குரல். "சிஸ்டர் சந்தோஷமா இருக்காங்களா?"

"அந்த ரூமைத் தர்றேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன் டாக்டர்," என்றார் கணவர். "இருங்க, இப்பவே போய் இல்லைன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"அதைச் சொல்லுங்க," என்றார் சிமெண்ட் கடைக்காரர். "அவங்க அம்மாவைப் பத்திப் பேசினா மேல் சத்தம்தான் நல்லா வருது. கீழ பாஸ் சத்தம் இறங்கணும்னா ரூமுதான்."

"ஒரு நாளும் அந்த ரூமைக் குடுத்துடாதீங்க சார்," என்றார் டாக்டர். "குடுத்தா சிஸ்டமே போச்சு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். ஈரத் துண்டுகள், அம்மாவைப் பற்றிய பேச்சு, நசுங்கின மெழுகு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்து வரிசையில் நின்றன. மறதி என்று அவள் நினைத்த எதுவும் மறதியல்ல. திரையை விலக்கிக்கொண்டு வந்த கணவர், "இந்தாம்மா, அந்த ரூமு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். நீங்க போய்ப் பாட்டைப் போடுங்க."

குரலில் சூடே இல்லாததால் அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பிப் போனார். கூடத்தில் கால் வைத்தபோது வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன. அலமாரியில் இருந்தவை எரிந்தன. அட்டைப் பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி வைத்தவை எரிந்தன. உள்ளே இழை அறுந்து, எறிய மனமில்லாமல் போட்டு வைத்திருந்த செத்த வால்வுகளும் எரிந்தன. அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் அறை கிடைக்காத கோபம். இது, தான் ஒரு உதிரி பாகமாக இருந்திருக்கிறோம் என்று தெரிந்தவளின் கோபம். ஊசி இசைத்தட்டில் இறங்கியது. அங்கிருந்தவர்கள் பிற்பாடு சொன்னது: அந்தக் கூடத்தில் சுவர்கள் இல்லாமல் போயின, பாடுகிறவரின் நெஞ்சுக்கூட்டுக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அவள் பின்னறைக் கதவைத் திறந்து, முதல் பெட்டியைத் தூக்கினாள். அட்டை கருகி வாசம் வந்தது, அவள் கை சுடவில்லை. கூடத்தின் நடுவே, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையில் நடந்து, வாசலுக்கு வெளியே தெருவோரச் சுவரடியில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்தாள். அடுத்த பெட்டி. கண் டாக்டர், இடது பக்கத்து ஒலியை அவள் மறைக்காமலிருக்கத் தலையை மட்டும் சாய்த்துக்கொண்டார். தன் ஆயுள்காலச் சேகரிப்பு கண்முன்னால் தெருவுக்குப் போவதைப் பார்த்துக் கணவர் பாதி எழுந்தார். சிமெண்ட் கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்தார், "தட்டுல இந்த சைடு முடியட்டும் சார்" என்று உதட்டசைவில் சொன்னார். அவர் உட்கார்ந்தார். அப்படி ஒரு சத்தம் இனிக் கிடைக்காது என்று அவர் காதுக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அது சேகரிப்புக்கா பாட்டுக்கா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக, பின்னறையிலிருந்த பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரை இடுப்பில் ஏந்திக்கொண்டு அவள் அவர் முன்னால் நின்றாள்.

"தடுக்கணும்னா எந்திரிச்சு வந்து தடுங்க."

அவர் உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார்.

அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். சைடு முடிந்து ஊசி வெறும் வட்டத்தில் டிக் டிக் என்று சுற்றத் தொடங்கியபோது, வடக்கு ஜன்னலடியில் மேசை போடப்பட்டு, கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.

கணவர் மன்னிப்புக் கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார், பல முறை கேட்டார். அவள் ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள், சரி என்றாள். வால்வுகள் அணையவில்லை. தெருவோரத்தில் குவிந்து கிடந்தவை மழையில் உஸ்ஸென்று ஆவி கிளப்பின, வெயிலில் வெளிறித் தெரிந்தன, ஆனால் எரிந்துகொண்டேயிருந்தன. ஆம்ப்காரரிடம் ஆம்ப் வாங்கியவர்களின் வீடுகளிலும் அதே கதைதான். பிளக்கைப் பிடுங்கியே வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. பாட்டும் கேட்க முடியவில்லை, ஏனென்றால் எந்தத் தட்டைப் போட்டாலும் உதட்டில் விரல் வைத்து உஷ் என்கிற ஒரு சத்தம்தான் வந்தது, அதுவும் ஹம் இல்லாமல் மிகத் துல்லியமாக. நகராட்சி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, தெருவிளக்குக் கம்பத்தை வேறு தெருவுக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். மழைக்காலத்தில் பக்கத்து வீடுகளில் துணியை அந்தக் குவியலின் அருகே காயப்போட்டார்கள். பல் டாக்டரம்மாவின் வேலையோடு வேறு இரண்டு டாக்டர்களின் வேலையும் அவளுக்கு வந்தது.

சில வருஷம் கழித்துக் கண் டாக்டருக்கு மேல்வரிசைப் பற்கள் போயின. பல் டாக்டரம்மா அவரை அனுப்பிவைத்த இடம் இந்தப் பின்னறைதான். வடக்கு ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, நிற அட்டையை அவர் உதட்டருகே பிடித்து, ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆம்பின் சூடு தாங்க முடியவில்லை, மாடிக்குக் கொண்டுபோய் வைத்தும் தூங்க முடியவில்லை என்றார் அவர். பிறகு தயங்கி, "இது எப்பதாம்மா தணியும்?" என்று கேட்டார்.

"தணியறதுக்கு என்ன அவசரம்? நல்லாத்தானே எரியுது," என்றாள் அவள். "வாயத் திறங்க."

டாக்டர் வாயைத் திறந்தார்.