மூன்றாவது கியரில் ஒரு ‘ம்’

“கியர் சுலபமா விழணும். புதுசா ஒரு சத்தமும் வரக்கூடாது. இருக்கிற சத்தம் ஒன்னும் போகவும் கூடாது.”

கணக்கு டீச்சர் கார் சாவியை மேசைமேல் வைத்துக்கொண்டே சொன்னார். மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வட்டாரத்தில் அவருக்குக் ‘காது’ என்று பெயர். வண்டி வாசலில் திரும்பும்போதே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சத்தத்தை நிறுத்தச் சொல்லி வந்தவர்கள் ஆயிரம் பேர். சத்தத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் ஒரு ரகசியத்தை மறைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்பதில்லை. வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

“இருக்கிற சத்தம்னா என்ன சத்தம் டீச்சர்?”

“ஓட்டிக் காட்டுறேன். ஏறுங்க.”

டயர் உருட்டிக்கொண்டிருந்த மச்சான் சிரித்தான். மெக்கானிக்கின் மனைவியின் தம்பி. பத்து வருடமாக இதே பட்டறைதான். “மாமா, டீச்சர் பரீட்சை வைக்கிறாங்க. பாஸாகாம வந்துடாதீங்க.”

டீச்சரின் மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தது. போன வருடம் படியில் விழுந்து எலும்பு முறிந்ததாம். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக லிவரைத் துழாவினார். வாளித் தண்ணீருக்குள் கரண்டியை விட்டுத் தேடுவது போல இருந்தது. மூன்றாவது முயற்சியில் விழுந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“போன வாரம் சிக்னல்ல ரெண்டாவது விழவே இல்ல. பின்னாடி லாரி. அவன் அடிச்ச ஹாரன்ல என் ஏழு தலைமுறையும் எந்திரிச்சு உக்காந்திருக்கும். என் தம்பி கெடு வெச்சுட்டான். இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா வண்டியை வித்துடுவானாம்.”

“வித்துட்டு கியரே இல்லாத வண்டி வாங்கிக்கலாமே டீச்சர்? கைக்கும் நல்லது.”

டீச்சர் வண்டியைக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் நேர்ச்சாலையில் திருப்பினார். மூன்றாவது கியர். நாற்பது கிலோமீட்டர் வேகம். டீச்சர் சாலையைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார். மெக்கானிக்கிடம் அல்ல.

“இன்னைக்கு ஹெச்.எம். மறுபடியும் டைம்டேபிளை மாத்திட்டாருடா.”

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கியர் லிவருக்கு அடியிலிருந்து வந்தது.

“ம்.”

மெக்கானிக் லிவரின் பக்கம் குனிந்தார்.

“ரெண்டு மாசத்துல நாலாவது தடவைடா. ஏன்னு கேட்டா, மாறுதல் மனசுக்கு நல்லதாம்.” கால் எழுந்தது.

“ம்.”

கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் சிரிப்பு. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல் என்கிற ‘ம்’.

டீச்சர் வண்டியை ஓரம் கட்டினார். “என் பையன் வண்டி இது. தினம் பள்ளிக்கூட வாசல்ல வந்து நிப்பான். நான் வாய் ஓயாம சொல்லிக்கிட்டே வருவேன், அவன் உம் கொட்டிக்கிட்டே ஓட்டுவான். கட்டட வேலைக்கு வெளியூர் போனவன் சாரத்துல இருந்து விழுந்துட்டான். அப்புறம் ஆறு மாசம் வண்டி துணி போர்த்தியே நின்னுச்சு. நாப்பத்தெட்டு வயசுல நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். ஒருநாள் இதே ரோட்டுல எனக்கு நானே புலம்பிக்கிட்டு வர்றேன், உம் கொட்டுறான்.”

மெக்கானிக் லிவரையே பார்த்தார்.

“நான் பைத்தியம் இல்லைங்க. கணக்கு டீச்சர். ஏதோ ஒரு பாகம் தேஞ்சுபோய் அந்தச் சத்தம் வருதுன்னு எனக்கும் தெரியும். எந்தப் பாகம்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க.”

எந்தப் பாகம் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கியர் லிவரின் அடிமுனை, கேபிளின் நுனியில் இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணம் தேய்ந்து இடம் விட்டிருந்தது. காலை எடுத்ததும் இன்ஜின் ஓர் அங்குலம் பின்னுக்குச் சாயும். கேபிள் சுண்டும். கிண்ணம் அதிரும். கியர் துழாவுவதும் அதனால்தான். பையன் உம் கொட்டுவதும் அதனால்தான். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போய்விடும்.

“மூணு நாள் குடுங்க டீச்சர்” என்றார்.

அந்த மூன்று நாளும் மற்ற வண்டிகளை மச்சானிடம் தள்ளிவிட்டு அவர் இதனோடேயே கிடந்தார். சுலபமான வழி ஒன்று உண்டு. அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களை எல்லாம் எடுத்துவிட்டு உலோகத்தில் போட்டால் லிவர் பூட்டில் சாவி திரும்புவது போல விழும். ஆனால் இன்ஜினின் இரைச்சல் முழுவதும் அதன் வழியாக உள்ளே ஏறிவிடும். அந்த இரைச்சலில் ‘ம்’ மூழ்கிப்போகும். அது வேண்டாம் என்று ஒதுக்கினார்.

லிவர் திரும்பும் இணைப்பைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தார். கியர் பாக்ஸ் எண்ணெயை மாற்றினார். அடித்தட்டின் வெடித்த ரப்பரை எடுத்துவிட்டு அதே மென்மையில் புது ரப்பர் வைத்தார். பிறகு கைப்பிடிக் குமிழைக் குடைந்து உள்ளே ஈயம் ஊற்றினார். கீழே கியர் பாக்ஸில் கேபிள் இழுக்கும் நெம்புகோலோடும் ஓர் இரும்புக் கட்டியை இறுக்கினார். ஆட்டுக்கல் கனம் அல்ல, ஒரு உள்ளங்கைக் கனம்தான். ஒரு தடவை தள்ளிவிட்டால் அந்தக் கனமே லிவரை மேட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போட்டுவிடும். மணிக்கட்டுக்கு வேலை இல்லை. கட்டி வேறு எதிலும் முட்டாததால் சத்தமும் இல்லை.

தேய்ந்த கிண்ணத்தை மட்டும் துடைத்து, அது இருந்தபடியே திரும்ப மாட்டினார். ஏன் என்று மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே சொல்லிச் சிரிப்பான் என்று பயம்.

மூன்றாம் நாள் காலை ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது கியர் வெண்ணெயில் விரல் வைத்தது போல விழுந்தது. நேர்ச்சாலையில் காலை எடுத்தார். “ம்.” நிம்மதியாகத் திரும்பி வந்து, லிவரைச் சுற்றி மூடும் உறையை மாட்டும்படி மச்சானிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது மச்சான் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

“மாமா, உங்களுக்கு வயசாயிடுச்சு. இவ்வளவு வேலை பார்த்துட்டு அந்தக் கேபிள் கிண்ணத்தை மாத்த மறந்துட்டீங்களே! அலமாரியில புதுசு இருந்துச்சு. நானே போட்டுட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க.”

மெக்கானிக் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். “பழசு எங்கே?”

“எங்கேன்னா? நம்ம வழக்கப்படிதான்.”

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கழற்றிய பாகத்தைச் சுத்தியலால் உடைத்துத்தான் கழிவுத் தொட்டியில் போட வேண்டும். பழையதை யாரும் பொறுக்கிப் போய்ப் புதிது என்று விற்றுவிடக் கூடாது என்பதற்காக அவரே போட்ட சட்டம். தொட்டியில் குனிந்து பார்த்தார். கிண்ணம் ஆறேழு சில்லாகக் கிடந்தது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே மாமா!”

“சொல்லியிருக்கணும்டா.”

“ஒன்னு பண்ணலாம். கேபிள் போல்ட்டை அரைச் சுத்து லூஸ் பண்ணினா அதே மாதிரி ஒரு சத்தம் வரும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவரும் அந்தப் பாவத்துக்குத் துணிந்தார். போல்ட்டைத் தளர்த்திக்கொண்டு தனியாக ஓட்டிப் போனார். காலை எடுத்தால் ‘கிர்ர்’ என்றது. இன்னும் கால் சுற்று. ‘டக்டக்’ என்றது. பெற்றவளை இதை வைத்து ஏமாற்ற முடியாது. ஓரம் கட்டி, போல்ட்டை முழுக்க இறுக்கினார். லிவர் அசையாமல் நின்றது. எந்தச் சத்தமும் வர வழியில்லை என்று கையாலேயே தெரிந்தது.

திரும்பி ஓட்டும்போது டீச்சரிடம் சொல்ல வேண்டியதை வாய்விட்டு ஒத்திகை பார்த்தார். மூன்றாவது கியர். நாற்பது.

“டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு.” காலை எடுத்தார்.

“ம்.”

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது.

இறங்கி, அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. மறுபடியும் ஓட்டினார். பேசாமல் காலை எடுத்தார். ஒன்றும் இல்லை. பத்து தடவை எடுத்தார். ஒன்றும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “மச்சான் நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணினான்” என்றார்.

“ம்.”

இம்முறை லிவரிலிருந்து வரவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் அவருடைய கேட்காத காது. ஒரு வருடமாகப் பஞ்சு அடைத்தது போலக் கிடந்த காதில் அந்த ஒரே எழுத்து தெளிவாக விழுந்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “என் ஒரு காது கேக்காது” என்று சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. “யாருக்கும் சொல்லல.”

“ம்.”

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மச்சான் என்னென்னவோ கேட்டான். அவர் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வந்தார். மெக்கானிக் பழக்கத்தில் முன்கதவின் பிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். டீச்சர் கண்ணாடியில் அதைக் கவனித்தார்.

இரண்டாவது கியர் விழுந்ததும் டீச்சரின் முகம் மலர்ந்தது. “அடடா! கை ஒன்னுமே செய்யலையே. அதுவா போய் உக்காருது.”

“டீச்சர், ஓரமா நிறுத்துங்க. ஒரு விஷயம் சொல்லணும்.”

சொன்னார். கிண்ணம் என்ற பாகத்தின் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னார். சொல்லாமல் வேறு வழியில்லை. உடைந்தது வரை சொல்லி நிறுத்தியபோது டீச்சரின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன.

“அப்ப போயிட்டானா?” என்றார்.

“அதான் டீச்சர் எனக்குத் தெரியல. மத்தியானம் நான் ஓட்டினப்ப, எதுவும் லூஸ் இல்லாமலே, நான் பேசினதுக்கு…” அவர் லிவரைக் காட்டினார். “நீங்களே ஓட்டிப் பாருங்க.”

நேர்ச்சாலை. மூன்றாவது கியர். டீச்சர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“இன்னைக்கு ஏழாம் வகுப்புல ஒருத்தி, மைனஸும் மைனஸும் சேர்ந்தா எப்படி பிளஸ் ஆகும், ரெண்டு கெட்டவங்க சேர்ந்தா நல்லவங்க ஆயிடுவாங்களான்னு கேட்டாடா.” காலை எடுத்தார்.

“ம்.”

இருவருக்கும் கேட்டது. பின்னிருக்கையில் மெக்கானிக் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டீச்சர் சந்தோஷப்படவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

“எந்தப் பாகமும் இல்லையே?” என்றார், கண்ணாடியைப் பார்த்து.

“எதுவும் இல்ல டீச்சர். என் பிள்ளை மேல சத்தியமா இல்ல.”

கொஞ்ச தூரம் வண்டி அப்படியே ஓடியது. பிறகு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “இத்தனை நாள் நான் அவன்கிட்ட கதைதான் சொல்லியிருக்கேன். ஒரு கேள்வி கேட்டதில்ல. தேஞ்ச பாகம் எதைக் கேட்டாலும் ‘ம்’னுதானே சொல்லும்? எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. அவன் விழுந்து ஒரு மணி நேரம் உயிரோட இருந்தானாம். நான் போய்ச் சேரல. உடனே நெனவு போயிடுச்சு, வலியே இருந்திருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. சொன்னவங்கள்ல ஒருத்தரும் அவன் பக்கத்துல இருந்தவங்க இல்ல.”

மெக்கானிக்குக்கு, வேண்டாம் டீச்சர், கேட்காதீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ‘ம்’ என்று வந்துவிட்டால் இந்த மனுஷி எப்படி வீடு போய்ச் சேருவார்?

டீச்சர் வேகத்தை நாற்பதில் நிறுத்தினார்.

“ரொம்ப வலிச்சுதாடா?”

காலை எடுத்தார்.

இன்ஜின் தணிந்தது. டயர் சாலையில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கிடங்கின் சுவர் முழுவதும் கடந்து போனது. அடுத்த கிடங்கும் போனது. மெக்கானிக் தன் கேட்கும் காதை முன்னிருக்கையின் பக்கம் திருப்பினார். பிறகு கேட்காத காதையும் திருப்பினார்.

“ராத்திரியெல்லாம் இதையேதான் யோசிச்சுக்கிட்டு கிடக்கேன். மறைக்காம சொல்லு. வலிச்சுதா?”

கால் எழுந்தது. ஒன்றும் இல்லை.

“கேட்டுச்சா உங்களுக்கு?” என்றார் டீச்சர்.

“இல்ல டீச்சர்.”

“நல்லாக் கேளுங்க. உங்களுக்குத்தானே காதுன்னு பேரு?”

“ஒரு காதுதான் டீச்சர் கேக்கும். ஆனா ரெண்டுலயும் எதுவும் கேக்கல.”

டீச்சர் தலையை ஆட்டினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. எதிரே சாலை காலியாகக் கிடந்தது. ‘ம்’ கேட்பதற்காக எப்போதும் மூன்றாவது கியரிலேயே ஓட்டி, அதற்குமேல் போகாமல் பழகியவர் டீச்சர். இப்போது ஆக்சிலேட்டரை அழுத்தினார். ஐம்பது. ஐம்பத்தைந்து. இன்ஜின் கனத்தது. கிளட்சை மிதித்து, பட்டை சுற்றிய கையைக் குமிழின்மேல் வைத்தார்.

அவர் இழுக்கும் முன்பே லிவர் நகர்ந்தது போலிருந்தது. சத்தமே இல்லாமல் நான்காவதில் போய் அமர்ந்தது. டீச்சரின் கை அதனோடு கூடவே போனது, யாரோ அழைத்துப் போவது போல.

“அது உள்ள ஈயம் வெச்சிருக்கேன் டீச்சர். அந்தக் கனத்துக்குத்தான்…” என்று மெக்கானிக் தொடங்கினார். கண்ணாடியில் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.