ஒப்போங்கின் கை தெரிகிற டிவி

வடக்கேயிருந்து வந்த பாலைவனக் காற்று குமாசி நகரத்தையே மாவு தூவினாற்போல் ஆக்கியிருந்தது. அடூம் கடைத்தெருவில் எதிரே வருகிற ஆள்கூட மங்கலாகத்தான் தெரிந்தான். ஆனால் அந்த டிவி கடைக்குள் நுழைந்தால் வேறு உலகம். சுவர் முழுக்கத் திரைகள், எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல், ஒரே மீன்கள். போன்சுவுக்குத் தண்ணீருக்கடியில் நிற்கிற மாதிரி ஒரு மயக்கம் வந்தது.

வயது ஐம்பதைத் தாண்டியபிறகு மாப்பிள்ளையாகப் போகிற மனுஷன். மயக்கம் வராமல் என்ன செய்யும்?

"எது வேணுமோ சொல்லு, அச்சியா. நம்ம வீட்டுக்கு நான் வாங்குற முதல் சாமான்" என்றான்.

அச்சியா கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். "தம்பி, இதைப் போட்டுக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்" என்று விற்பனையாளன் ஃபிஃபியிடம் நீட்டினாள்.

மீன்கள் மறைந்தன. அத்தனை திரைகளிலும் ஒப்போங் ஆடினான்.

ஒப்போங் அவளுடைய முதல் புருஷன். அவன் செத்து, ஓராண்டுத் துக்கம் கழித்து, அவள் கறுப்பைக் களைந்து, துக்கம் முடிந்ததற்கு அடையாளமாக வெள்ளை உடுத்திச் சில மாதங்கள்தான் ஆகின்றன. படம் அவன் சித்தப்பாவின் இழவு வீட்டில் எடுத்தது. எங்கள் ஊரில் இழவு என்றால் அழுது மூக்கைச் சிந்துவதோடு முடியுமா? பந்தல் உண்டு, மேளம் உண்டு, அடோவா ஆட்டம் உண்டு. அடோவாவில் கால் ஆடும், கை பேசும். ஒப்போங்குக்கோ உடம்பெல்லாம் பேசியது. சிவப்புத் துணி தோளில் வழிய, தரையில் கால் பாவாமல் மிதந்தான்.

போன்சு ஆடினால் ஃபுஃபு களிக்குக் கிழங்கு இடிக்கிற உலக்கை ஆடுவது போலிருக்கும். 'அடப்பாவி, செத்தும் என்னமா ஆடுறான்!' என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

"பிரமாதமா ஆடுறாரே! உங்ககூடப் பிறந்தவரா, அண்ணே?" என்றான் ஃபிஃபி.

"கூடப் பிறக்கல. கூடவே வந்துடுவார் போலிருக்கு."

அச்சியா காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரை திரையாக நடந்தாள். இதில் முகம் வெளிறுகிறது, அதில் கைவிரல் கரைகிறது என்று தள்ளிக்கொண்டே போய், மூலையிலிருந்த பெரிய டிவி முன் நின்றாள். "இதுல கை தெரியுது" என்றாள். சொன்னவள், சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னாச்சு?"

"அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள பெரிய சண்டை. நீ நாசமாப் போன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் அவர் ஆடுறப்போ நான்தான் ஃபோன்ல பிடிச்சேன். கடைசியில என்னைப் பாத்துக் கையால ஏதோ சொன்னாரு. இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஒண்ணும் தெரியல. அந்த ராத்திரியே லாரி மோதிப் போயிட்டாரு."

போன்சு அவள் பக்கமாக நகர்ந்து வந்தான்.

"பழைய டிவியில கை வெறும் நிழல். போடின்னு உதறுற மாதிரியும் இருக்கும், மன்னிச்சுக்கோன்னு ஏந்துற மாதிரியும் இருக்கும். எனக்குப் பாக்கத் தைரியமில்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க. போடின்னு சொல்லியிருந்தா, அந்தக் கோபத்தைச் சுமந்துக்கிட்டு நான் உங்க வீட்டுக்கு வர முடியாது."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உதறியிருந்தால் இவள் வரமாட்டாள். ஏந்தியிருந்தால் இவள் மனசு மறுபடி அவனிடமே போய்விடும். போன்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

மேளம் தணிந்தது. மங்கிய வெளிச்சத்தில் ஒப்போங் திரும்பினான். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது கையை மல்லாத்தி வைத்து, லேசாகக் குனிந்தான். கல்லும் கரைந்துவிடும். நல்லவனாய்த்தான் இருந்திருக்கிறான், பாவி.

"மன்னிப்புதான் கேக்குறாரு, அச்சியா" என்றான். "குனிஞ்சு கேக்குறாரு."

"நிஜமாவா?"

"நீயே பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள். போன்சு பக்கத்தில் நின்றான். தொடவில்லை. அந்தக் கண்ணீரில் தனக்குப் பங்கில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"சரிய்யா. மன்னிச்சுட்டேன். நீயும் என்னை மன்னிச்சுக்கோ. போய்ட்டு வா" என்றாள் திரையிடம். பிறகு தானே பென் டிரைவை உருவிப் பையில் போட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, இன்னைக்குப் பந்தாட்டம் ஏதாச்சும் ஓடுதா? அதைப் போடுங்க. இவருக்குப் பந்து சரியாத் தெரியுதான்னு பாத்துட்டுதான் வாங்கணும்."

"எனக்கு எதுனாலும் சரிதான்..." என்று இழுத்தான் போன்சு.

"சும்மா இருங்க. தினமும் முன்னாடி உக்காரப்போறது நீங்கதானே? ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க."

பச்சைப்புல் மைதானம் விரிந்தது. யார் யாரோ ஓடினார்கள். போன்சுவின் கண்ணில் நீர் முட்டி நின்றதில் மைதானமே குளமாகத் தெரிந்தது, பந்து எங்கே என்று அவனுக்குப் புலப்படவே இல்லை.

"நல்லாத் தெரியுது" என்றான்.