சாப்பிட்ட வீடு

தேர்வாய் கண்டிகை ஆலையில் நீராவிக் குழாய் வெடித்து வெந்துபோன ஹேமநாத், ஒன்பதாம் நாள் காலையில் கண் திறந்தான். பிழைத்துவிட்டான் என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அவன் மனைவி பிரேமா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். மத்தியானம் வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் தேவதர்ஷினி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். மடியில் பரீட்சைக்குப் படிக்கும் நாடகப் புத்தகம்.

“துன்னு அண்ணி.”

“வாணாம். அவர உட்டுட்டு என் உசுர எடுத்துக்கோன்னு பெரியபாளையத்தம்மாகிட்ட வேண்டிக்கினேன். அவ குடுத்துட்டா. இனிமே நான் போவணும். பாப்பாவ நீ பாத்துக்கோ.”

“இன்னா அண்ணி, லூசு மாதிரி?”

“தாலி தரேன்னு வேண்டுனவ தாலியக் கழட்டி உண்டியல்ல போடறா இல்ல? நான் உசுர சொன்னேன். ஏமாத்துனா அவர திருப்பி எடுத்துக்குவா.”

அவள் அழவில்லை. அதுதான் தர்ஷினிக்குப் பயமாக இருந்தது. மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தாள்.

“இதுலயும் ஒரு ராணி கீறா. கிரேக்க நாடகம், ரெண்டாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முந்தினது. புருஷனுக்கு சாவு வருது. அவனுக்குப் பதிலா போவ பெத்தவங்களே மாட்டேன்னுட்டாங்க. இவ போனா.”

“செத்தாளா?”

“செத்தா.”

“பாத்தியா.”

“இரு, முடியல. சோக நாடகம்னுதான் பேரு, கடைசில அழுவ இல்ல. எழவு ஊடுன்னு தெரியாம ஒரு விருந்தாளி வந்து துன்னுட்டு, குடிச்சிட்டு, பாடிக்கினு கெடந்தான். அப்பறந்தான் விசயம் தெரிஞ்சிது. நேரா சமாதிக்குப் போயி, எமன்கூட மல்லுக்கட்டி அவள இட்டாந்துட்டான்.”

“அவனுக்கு இன்னா வந்திச்சி?”

“அந்த ஊட்ல துன்னானே.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

பிரேமா சிரித்தாள். வறண்ட உதடு வெடித்தது. “ராணிக்கு வருவான். நமக்கு எவன் வரான், அவர வேலைக்கு வெச்ச கான்ட்ராக்டரா?”

தர்ஷினி புத்தகத்தை மூடினாள். “ஆறு வருசமா உன் ஊட்ல நான் துன்னுக்கினு கீறேன்.”

பிரேமா எழப் பார்த்தாள். தர்ஷினி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உதறியும் விடவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உடுடி!”

“உடமாட்டேன். ஆத்தா கேட்டா நான் பதில் சொல்றேன். உனக்குப் பதிலா வேப்பஞ்சேல கட்டிக்கினு கோயில நான் சுத்தி வரேன். வாயத் தொற.”

“அவருக்கு எதனா ஆச்சின்னா?”

தர்ஷினி இட்லியைப் பிட்டு அவள் வாயருகே நீட்டினாள்.

“எங்கண்ணன் அண்ணி அது. எனக்கு மட்டும் பயம் இல்லியா?”

பிரேமா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.