நியூகாசில் பயணத்துக்கு ஒரு தலைவர்

1

இந்தக் கதை எனக்குத் தரைவழியாக வந்து சேர்ந்தது. பெர்கனில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை உண்டு. ஒரு ஞாயிறு மத்தியானம் அங்கிருந்து மூன்று தட்டு கேட்டது. பிறகு ஒரு கனத்த குரல்: “வருடாந்தரப் பொதுக்கூட்டம் தொடங்குகிறது.” என்ன பெரிய கூட்டமோ என்று, துணி துவைக்கும் சாக்கில் கூடையோடு இறங்கிப் போனேன். உள்ளே மூன்றே பேர். அதிலும் ஒருவர் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்.

நான் பார்க்காததையெல்லாம் அந்த மூவர் சங்கத்தின் பொருளாளர் தோருன் பிறகு மாடிப்படியில் நின்று சொன்னாள். “தாராளமா எழுதுங்க. என் பேர மட்டும் மாத்திடுங்க.” மாற்றிவிட்டேன். (புதுப் பெயர் பாட்டி பெயர் மாதிரி இருக்கிறது என்று இப்போது என்மேல் கோபம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’ வருஷமெல்லாம் மழை பெய்யும் பெர்கனில் இது ஒரு செய்தியே அல்ல. அடித்தேன்.

அடுத்து: ‘மனிதன் ஏன் பயணம் போகிறான்? ஆதிநாளிலிருந்து அவனுக்குள் ஒரு தீராத…’ இதை முடிக்க வெட்கமாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும், மேடைப் பேச்சாளர் யாருக்காவது உதவும்.

கடைசியில்: ‘குட்முண்ட் அவசரப்பட்டுவிட்டான்.’ இது தேறும்.

3

குட்முண்ட் அவசரப்பட்டுவிட்டான்.

அவன், தோருன், ஒட்வார் மூவரும் சின்ன வயதில் சனிக்கிழமை தவறாமல் தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கால்பந்து பார்த்து, ஒரே அணிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். வருஷா வருஷம் நவம்பரில் ஏதாவதொரு இங்கிலாந்து நகரத்துக்குப் பறந்துபோய் அந்த அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவார்கள். வேறு நாடாக இருந்தால் இவர்களை மூன்று நண்பர்கள் என்பார்கள். இது நார்வே. ஆகவே சங்கம். குட்முண்ட் தலைவர், தோருன் பொருளாளர், ஒட்வார் பொதுமக்கள். தலைவர் கையில் ஒரு மரக்கட்டை இருக்கும். அவர் மேசையில் தட்டினால் கூட்டம் தொடங்கும், மறுபடி தட்டினால் முடியும். (இறைச்சியை மிருதுவாக்கத் தட்டும் கட்டை அது. கூட்டம் இல்லாத நாளில் சமையலறைக்குத் திரும்பிவிடும்.)

சங்கத்துக்கு விதிகளும் உண்டு. நாலாம் விதி: ஆட்டத்தின் நாள் உறுதியாகும்வரை யாரும் விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. ஏனென்றால் சனிக்கிழமை ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் கடைசி நேரத்தில் எந்தக் கிழமைக்கு வேண்டுமானாலும் தூக்கிப்போடுவார்கள். ஐந்தாம் விதி: நாலாம் விதியை மீறும் தலைவர் அந்த இடத்திலேயே கட்டையைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டையும் எழுதியவன் குட்முண்ட். முன்பு தலைவராக இருந்த ஒட்வாரை இவற்றைக் காட்டித்தான் இறக்கினான். “பொறுமைதான் ரசிகனின் முதல் ஆட்டம்” என்பது அவன் பொன்மொழி. சொல்லிவிட்டு, கேட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கொஞ்சம் காத்திருப்பான்.

அந்தப் பொறுமைசாலி ஆகஸ்டில் ஒரு நாள், நியூகாசிலுக்கு வெள்ளி போய் ஞாயிறு திரும்பும் டிக்கெட் அடிமாட்டு விலைக்குக் கிடப்பதைப் பார்த்தான். விரல் தானாக அழுத்திவிட்டது. மூன்று பேருக்கும் எடுத்துவிட்டான். அடுத்த மாதம் அறிவிப்பு வந்தது: ஆட்டம் திங்கள் இரவு.

டிக்கெட் எடுத்த சங்கதி மற்ற இருவருக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சொன்னால் கட்டை போய்விடும். சொல்லாவிட்டால் ஆட்டமே போய்விடும். சோறு இறங்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கே அவன்மேல் சந்தேகம். துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவந்து நிறுத்தும் ஆள், இறைச்சிக் கட்டைக்காகவா இத்தனை கலங்குவான்? மிகைப்படுத்துகிறேனோ?

(குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் ஒருவரையாவது அறிந்த வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.)

5

“அடுத்து, பயணத் திட்டம்,” என்றான் குட்முண்ட்.

“ஆட்டம் திங்கள்னு ஆயிடுச்சு. வெள்ளி போறோம், செவ்வாய் வர்றோம். இதுல திட்டம் என்ன வேண்டிக் கெடக்கு?” என்றான் ஒட்வார், மாவை ஊற்றியபடி.

“அதுல ஒரு சின்ன விஷயம்…”

“வாஃபிள் ஆறுது, முதல்ல சாப்பிடு.”

“இல்லப்பா, அந்த நாலாம் விதிய…”

“அடடா, என்ன மாதிரி விதி!” என்று தோருன் குறுக்கே பாய்ந்தாள். “யோவ் ஒட்வார், கை தட்டுய்யா.”

ஒட்வார் கரண்டியோடு தட்டினான். மாவு தலைவரின் கண்ணாடியில் தெறித்தது.

“என்னப் பேச விடுங்களேன். நான் ஒண்ணு சொல்லியாகணும்.”

“தலைவரே, நிகழ்ச்சி நிரல்ல இல்லாதத பேசக் கூடாது. ஆறாம் விதி. அதுவும் தாங்கள் எழுதினதுதான்.” தோருன் ஒரு துண்டு பழுப்புச் சீஸை வாயில் போட்டுக்கொண்டாள். “அடுத்தது தேர்தல். குட்முண்டே தலைவரா இருக்கட்டும்.”

“ஆமோதிக்கிறேன்!”

“ஏய், நான் இன்னும் சரின்னே சொல்லலியே!”

“நீ எதுக்குச் சொல்லணும்? நாங்க ரெண்டு பேரு, நீ ஒருத்தன். பெரும்பான்மைய்யா!”

என்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று குட்முண்டுக்குக் கண் கலங்கியது. கலங்கக் கலங்கக் குற்றவுணர்ச்சி கூடியது.

6

அடிக்குறிப்பு. (அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, ஆகவே இங்கே.) இருவருக்கும் எல்லாம் தெரியும். சங்கத்தின் பேரில் டிக்கெட் எடுத்தால் மின்னஞ்சல் பொருளாளருக்குத்தான் போகும். குட்முண்ட் அதை மறந்துவிட்டான். திங்கள் என்று அறிவிப்பு வந்த அன்றே தோருன் மூன்று பேரின் திரும்பும் டிக்கெட்டையும் செவ்வாய்க்கு மாற்றிவிட்டாள்.

“அப்போ அவர்கிட்ட சொல்லிடலாமே?” என்றேன் மாடிப்படியில்.

“சொன்னா அந்த நிமிஷமே கட்டைய வச்சிடுவான். அவன் அந்த மாதிரி ஆளு. அப்புறம் யாரு தலைவர்? ஓட்டல் புடிக்கிறது, ஆட்டத்துக்கு டிக்கெட் தேடி அலையுறது, ஒட்வார் கொறட்டைக்குத் தனி ரூம் கேட்டு மல்லுக்கட்டுறது, இதெல்லாம் நானா செய்வேன்?”

“எப்போதான் சொல்லுவீங்க?”

“ஞாயித்துக்கெழம நியூகாசில்ல பெட்டி கட்ட ஆரம்பிப்பான்ல, அப்போ.”

தலைவராக இருந்தபோது ஒட்வார் விதியை மீறியது தெரியாமல்தானா, வேண்டுமென்றேயா என்று அவனிடம் கேட்டேன். பதிலுக்கு ஒரு வாஃபிள் கொடுத்தான். தலைவர் பதவி போனதிலிருந்து ஆள் சதை போட்டிருக்கிறான்.

7

முடிவுகள் கைவசம் சில உண்டு.

ஆட்டம் கிடைக்காதென்று நம்பிய குட்முண்ட், சனிக்கிழமை மழையில் ஏதோ ஒரு பூங்காவில் பொடிப் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்து, உண்மையான கால்பந்து இதுதான் என்று… வேண்டாம். இதை எழுதுவதற்குப் பதில் நான் வேறு தொழிலுக்குப் போய்விடலாம்.

அவன் ஒப்புக்கொண்டு கட்டையை வைக்கிறான். அதை எடுக்காமல் மற்ற இருவரும் கூரையைப் பார்க்கிறார்கள். சங்கம் கலைகிறது. நியாயமான முடிவு, ஆனால் இவர்களை எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது.

அவன் வாய் திறக்காமலே விமானம் ஏறுகிறான். தோருனின் ஓட்டு இதற்குத்தான். “ஞாயிறு வரைக்கும் பொன்மொழி எதுவும் வராது. எங்களுக்கும் ஒரு லீவு.”

நடந்ததைச் சொல்கிறேன், நான் பார்த்தவரை. குட்முண்ட் எழுந்து நின்றான். கண்ணாடியைத் துடைத்தான். கட்டையை எடுத்தான், ஆனால் தட்டவில்லை. அப்போதுதான் வாசலில் துணிக் கூடையோடு நின்ற என்னைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“நீங்க மேல் வீடுதானே? கால்பந்து பாப்பீங்களா? இதக் கொஞ்சம் புடிங்க. இனிமே இத நான் வச்சிருக்கக் கூடாது, ஏன்னா நான்…”

கட்டை என்னை நோக்கி நீண்டது. ஒட்வாரும் தோருனும் முதன்முறையாக அவனைத் தடுக்கவில்லை. தெய்வத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

நான் படியேறி ஓடிவந்துவிட்டேன்.

ஆகவே அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. கட்டையும் நீட்டியபடியேதான் இருக்கிறது, இப்போது உங்களுக்கு எதிரே. வாங்கிக்கொள்ளுங்கள், எப்படித் தட்டுகிறீர்களோ அதுதான் முடிவு.

வாங்குமுன் ஒன்று. அடுத்த நவம்பருக்கு ஓட்டல் பிடிக்க வேண்டும். ஒட்வாருக்குத் தனி அறை.