சீப்புக்குச் சொன்ன சொல்

ரோகிணி குரோஷிய மொழி படிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில், பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளின் முருங்கைமரம் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வந்து அவள் ஜன்னலோரம் நின்றுகொண்டது. வில்லாபுரத்தில் யாரும் இதற்காக வேலையை விட்டுவிட்டு ஓடிவரவில்லை. காய் யாருக்கு என்பதில்தான் இரண்டு வீட்டுக்கும் கொஞ்சநாள் பேச்சு இல்லாமல் இருந்தது. பிறகு பாதிக்குப் பாதி என்று தீர்ந்தது. ஸாதர் என்கிற கடலோர ஊரில் ஓட்டல் சமையலறை வேலைக்காக ரோகிணி அந்த மொழியைப் படித்தாள். நாம் இது, அது என்று இரண்டோடு முடித்துக்கொள்வதை அந்த ஊர்க்காரர்கள் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சொல்பவருக்குப் பக்கத்தில் இருந்தால் 'ஓவாய்', கேட்பவருக்குப் பக்கத்தில் இருந்தால் 'தாய்', இருவருக்கும் எட்டாமல் இருந்தால் 'ஓனாய்'. பெயர்ச்சொல்லுக்கு ஏற்றபடி இவற்றின் வால் மட்டும் மாறும். நம்முடைய தாய்க்கும் ஓநாய்க்கும் இவற்றோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய தமிழிலும் நடுவில் ஓர் 'உது' இருந்தது. நாம்தான் தொலைத்துவிட்டு நிற்கிறோம். ரோகிணி எந்தச் சொல்லைச் சொன்னாளோ, அதற்குரிய இடத்துக்குப் பொருளே போய்ச் சேர்ந்தது; மரம் வந்ததும் அப்படித்தான்.

அவள் கணவன் அருள்பாண்டி, அவனியாபுரம் ரோட்டில் பைக்குகளுக்கு சீட் கவர் தைப்பவன். மரம் வந்ததில் அவனுக்கு வருத்தமில்லை. குடை போனதில்தான் வயிறு எரியத் தொடங்கியது. ஆனையூரிலிருந்து போனில் பாடம் நடத்திய சூர்யபிரகாஷிடம் பேசும்போது, ரோகிணி வாய்தவறி அருள்பாண்டியின் குடையைத் 'தாய்' என்று சொல்லிவிட்டாள். குடை ஆனையூர் போய்விட்டது. அடுத்த பாடத்தில் அவன் உட்காரும் நாற்காலியும் போனது. சூர்யபிரகாஷ் இரண்டையும் துடைத்து, மன்னிப்புக் கேட்டு ஆட்டோவில் திருப்பி அனுப்பினார். அந்த நல்ல குணத்தை அருள்பாண்டியால் தாங்கவே முடியவில்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டலாம். யோக்கியனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறகு குடும்பத்தைப் பற்றிப் பேசும் பாடம் வந்தது. ரோகிணி புருஷன் பெயரை வாயால் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள். மரியாதை என்றால் தள்ளி நிற்பது என்பதுதான் அவள் கற்றது. சீப்புக்கும் கத்திக்கும் சொன்ன 'ஓவாய்' என்ற சொல்லை அவனுக்கும் சொல்லக் கூசியது. பக்கத்தில் இருந்தவனை, இருப்பதிலேயே தூரமான சொல்லால், 'ஓனாய்' என்றாள். பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு அருள்பாண்டி அழகர்கோவில் வாசலில், குரங்குகளுக்கு நடுவே நின்றான். கோயில் பிரசாதத் தோசை வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வீடு வந்தான். அதற்குப் பிறகு குடும்பப் பாடம் நடந்த நாளெல்லாம் வீட்டில் தோசை இருந்தது. கண்டக்டர்களுக்கு அவன் முகம் பழகிப்போனது.

ஒருநாள் தோசைப் பொட்டலத்தை வைத்த கையோடு கேட்டே விட்டான்.

"சீப்பக் கிட்டக்க கூப்பிடுற. அடுத்த வீட்டு மரத்தக் கூப்பிடுற. என்னய மட்டும் மலையடிவாரத்துக்குப் பத்தி விடுற. நான் அம்புட்டுக்குக் கேவலமாப் போயிட்டேனா?"

"சீப்பும் நீங்களும் ஒண்ணாங்க? சாரும் சொல்லத்தான் செய்றாரு, பக்கத்துல இருக்கவரை ஓவாய்னு சொல்லுங்கன்னு. எனக்கு வாய் வரல."

வாத்தியார் தன் பக்கம் பேசினார் என்று தெரிந்தபோது அருள்பாண்டிக்குப் பொறாமை இன்னும் ஏறியது. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. சீப்பை எடுத்து ஒளித்துவைத்தான். அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும் அது அவன் தலையணைக்கு அடியிலிருந்து அவள் கைக்குப் போய்விட்டது.

வேலை கிடைத்து ரோகிணி ஸாதருக்குப் போனாள். இரண்டு வருஷம் அங்கே மீன் கழுவினாள், ரொட்டி சுட்டாள். கூட வேலை செய்யும் பெண்கள் போனில் தெரியும் ஆள் யாரென்று கேட்கும்போதெல்லாம் 'ஓனாய்' என்றே சொல்லிவந்தாள். முதல்முறை அதைக் கேட்டதும் அருள்பாண்டி பழக்கத்தில் கடைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. ஏற்கெனவே எட்டாத தூரத்தில் இருப்பவனை அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும்? நகராமல் நின்ற அவனுக்கு, தூக்கி எறியப்பட்ட நாட்களே மேல் என்று தோன்றியது. ஒருநாள் போனில் அவளோடு பேசும்போது, ரெக்சின் வெட்டும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னாலேயே அழுதான்.

"எனக்கு மரியாதை வேணாம் ரோகிணி," என்றான். "சீப்பச் சொல்லுவேல்ல, அப்படிச் சொல்லு. போதும்."

ரோகிணி சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்த ஊரில் அவளைக் கண்டிக்க மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை. போனில் தெரிந்த அவன் கன்னத்தின்மேல் விரலை வைத்து, "ஓவாய்" என்றாள். பிறகு, வழக்கமே இல்லாத வழக்கமாக, "அருள்பாண்டி" என்றும் சொன்னாள்.

கைலியும் கத்தரியுமாக அவன் அந்தச் சமையலறையில் நின்றான். கை கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொன்னார் தலைமைச் சமையல்காரர். குடியேற்ற அலுவலகத்தில் விசா இல்லாமல் எப்படி வந்தாய் என்று கேட்டார்கள், மனைவி கூப்பிட்டாள் என்றான், எழுதிக்கொண்டார்கள். இப்போது சுற்றுலாப் படகுகளுக்கு மெத்தை தைக்கிறான், வருமானம் பரவாயில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். துறைமுகத்துக் கடுவன் பூனை ஒன்றையும் ரோகிணி தினமும் அதே சொல்லால் கூப்பிடுகிறாள், அது வந்து மடியில் படுத்துக்கொள்கிறது. அந்தச் சொல்லைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி அருள்பாண்டி இன்னும் சண்டை போடுகிறான். அந்தப் பூனைக்கு மத்தி மீன் வாங்கி வருவதும் அவன்தான்.