இரும்பு படாத மண்

பங்குனியில டீசல் லாரி ஒண்ணு எங்க கம்மங்காட்டுக்குள்ள கவுந்துச்சு. அன்னையில இருந்து அந்த நிலம் பேச்சு மூச்சில்லாமக் கெடந்துச்சு. ஏழாயிரம்பண்ணை ரோட்டோரத்துல, நான் வாக்கப்பட்டு வந்த நாளா வெதச்ச நிலம். ஐப்பசிக்குள்ள ஒண்ணும் மொளைக்கலைன்னா பட்டாசுக் கம்பெனிக்கு ஷெட்டு போடக் குடுத்துருவேன்னு எங்க வீட்டுக்காரர் ராக்கப்பன் சொல்லிட்டாக.

விவசாயக் கல்லூரியில இருந்து ஆர்த்தின்னு ஒரு பொண்ணு வந்து, கேன்ல இருந்து கலங்கலாத் தண்ணி ஊத்துச்சு.

"இதுல டீசலத் தின்னுற பாக்டீரியா இருக்குக்கா. ஈரம் காயாமப் பாத்துக்கோங்க. வாராவாரம் கொத்தி விடுங்க."

அதுல இருந்து எனக்குக் கனாவும் நெசமும் கலந்துபோச்சு. சாயங்காலம் வரப்புல கண்ண மூடி உக்காந்தா, மண்ணுக்கடியில பந்தி நடக்கும். கண்ணுக்குத் தெரியாத சனம் வரிசையா உக்காந்து சாப்புடும். "கூச்சப்படாமச் சாப்புடுங்கய்யா"ன்னு தண்ணி தெளிப்பேன். வீட்டுக்காரர் கேட்டுட்டுச் சிரிப்பாக.

ஆனா டீசல் நாத்தம் போகல. ஆர்த்தி வந்து மண்ணத் தோண்டிப் பாத்துச்சு.

"கொத்தவே இல்லையாக்கா? காத்து போகாம அதுக எப்படித் திங்கும்?"

எங்கிட்டுக் கொத்த? மம்பட்டிய எங்க வீட்டுக்காரர் ஒளிச்சு வச்சிட்டாக. அவுகளுக்குப் பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூம்புல வேலை. இரும்பு உரசித் தீப்பிடிச்சு, கூட வேலை பாத்தவுகளப் பறிகுடுத்தவுக. ஈர மண்ணுல டீசல் அப்படிப் பத்தாதுன்னு அந்தப் பொண்ணு எம்புட்டோ சொல்லுச்சு. இவுக அசையல. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"கம்பெனிக்குக் குடுக்கப்போற நிலத்துக்கு எதுக்கு இம்புட்டுப் பயப்படுறீக?"

"நிலத்துக்கு இல்ல புள்ள," மெதுவாச் சொன்னாக. "நீதான கொத்துவ."



மறுநா விடிஞ்சதும் வேப்பங்கட்டையில மம்பட்டி மாதிரி ஒண்ணு செதுக்கிட்டு வந்தாக. மருந்து ரூம்புக்குள்ள போறாப்புல செருப்ப வரப்புலயே விட்டுட்டு, மண்ணப் பொரட்ட ஆரம்பிச்சாக. நானும் கையால கட்டிய உடைச்சு விட்டேன். வாரா வாரம் அதான் வேலை. ஆவணி வாக்குல நாத்தம் கொறைஞ்சுச்சு. புரட்டாசியில வெதச்சோம். ஐப்பசி பொறந்தப்ப அங்கொண்ணும் இங்கொண்ணுமாக் கம்பு பச்ச காட்டுச்சு. நெறைய இல்ல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அன்னைக்குக் கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. இவுக கம்பம்பயிரப் பாத்துக்கிட்டே பேசுனாக.

"இல்லண்ணே, இங்கன ஷெட்டு போட முடியாது. ஆளுக சாப்புட்டுக்கிட்டு இருக்காக."